இடது கையில் ஒரு தேமல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். தூறலைவிடக் காற்று. பள்ளியின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் கயிறு போட்டுக் கட்டினார்.

இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை கண்காட்சி. என் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருப்பது 'பேட்டர்ன் அண்ட் டெக்ஸ்சர்'. பெரிய மிஸ் (எங்கள் பிரின்சிபாலை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்) தந்த தாளில் அவ்வளவுதான். ஆறு வயதுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இல்லை. நானாக வைத்துக்கொண்டது: முதலில் அடுக்கு, அதாவது ஒன்று மாற்றி ஒன்று வருவது. பிறகு தொடுவது. சொரசொரப்பு, வழவழப்பு, மெத்து.

என் கணவர் செந்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஒரு மூட்டை வேஸ்ட் கொண்டுவந்து போட்டிருக்கிறார். பிரித்து வைத்தது:
ஜெர்சி, எல்லா நிறமும், நிறைய
ரிப், கழுத்துப்பட்டைக்கு வெட்டியதில் மிச்சம்
ஃபிளீஸ், மெத்தென்ற ஸ்வெட்டர் துணி, சாம்பலும் நீலமும்
டெர்ரி, குளியல் துண்டுத் துணி, கொஞ்சம்
வலைத்துணி
வீட்டிலிருந்து: சாக்கு, உப்புத்தாள், பஞ்சு, தேங்காய் நார்

இன்று அடுக்கு. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று ஒட்டச் சொன்னேன். "கோடு போட்ட துணி" என்று நான் எடுத்துக் காட்டியதற்கு, "மிஸ், அது ரிப்புங்க" என்று மூன்று பேர் திருத்தினார்கள். எல்லாம் பனியன் கம்பெனிக் குழந்தைகள். துணி விஷயத்தில் என்னைவிட விவரம்.

மூன்றாம் வரிசை பிரகதி சொன்னதைச் செய்யாமல் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, மறுபடி இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று ஒட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்க லைன் ஊடுங்க மிஸ். ரெண்டு ஊடு பூட்டியிருக்கும். ஒரு ஊடு தொறந்திருக்கும்."

சரிதான். அதுவும் அடுக்குதான். அவள் அம்மா கம்பெனியில் செக்கிங், அப்பா அயர்னிங் மாஸ்டர். பகலில் பூட்டின கதவுதான் பார்த்திருப்பாள்.

பசை தண்ணீராகிவிட்டது. நாளைக்கு வேறு வாங்க வேண்டும். கேஸ் புக் செய்ய மறந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்கு (என் மகள், மூன்று வயது) ஈரச் சட்டையையே அயர்ன் செய்து போட்டுப் பால்வாடிக்கு அனுப்பினேன்.

தொடும் விளையாட்டு. எல்லோரும் கண்ணை மூடி இடது கையை நீட்ட வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் போய் முழங்கைக்குக் கீழே ஒரு துண்டை வைத்துத் தேய்ப்பேன். எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். நன்றாகவே போனது. ஃபிளீஸுக்கு, "பூனக்குட்டிங்க மிஸ்." உப்புத்தாளுக்கு, "எங்கப்பா கன்னம்." வலைத்துணிக்கு, "கொசு கடிக்கற மாதிரி, ஆனா கடிக்கல."

பிரகதியிடம் வந்தேன். ஃபிளீஸ் வைத்தேன். பதில் இல்லை.

"சொல்லு பிரகதி."

"இன்னும் வைக்கலைங்க மிஸ்."

வகுப்பு சிரித்தது. சாக்கை வைத்தேன். "வைங்க மிஸ்" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உப்புத்தாளை எடுத்துக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"வெளையாட்டா இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன். பீரியட் முடியும்வரை கதவருகே நிற்கவைத்தேன்.

சாப்பாட்டு மணிக்குக் கை கழுவும் இடத்தில் அவள் கையைப் பார்த்தேன். தேமல் மாதிரி வெளிறிய இடம். ஒரு பிஸ்கட் அளவு. அதன்மேல் நான் தேய்த்த கோடுகள். ஓரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"எதுங்க மிஸ்?"



ஜூலை 9, புதன்

தூக்கம் சரியில்லை. காலையில் பஸ்ஸில் போனை எடுத்துத் தேடினேன். தோலில் வெளிறல், உணர்ச்சி இல்லை. முதல் வரியிலேயே அந்தச் சொல். தொழுநோய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டாளோ என்று மூடிவைத்தேன். பிறகு திறந்து படித்தேன். மூடினேன்.

நான் டாக்டர் இல்லை. டீச்சர் ட்ரெயினிங் படித்தவள். தேமலாகவே இருக்கலாம்.

இன்று மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருந்தபோது அவளை என் மேஜைக்கு அழைத்தேன். இனி இதில் பி. என்று மட்டும் எழுதுகிறேன். யாராவது இந்த நோட்டைப் பார்த்தால்?

பஞ்சைத் திரித்து முனையால் தொட்டேன். கண்ணை மூடி, தொட்ட இடத்தை இன்னொரு கையால் காட்டச் சொன்னேன். அவளுக்கு விளையாட்டு. வலது கை, ஐந்துக்கு ஐந்து. இடது கையில் வெளிறலைச் சுற்றி எங்கே தொட்டாலும் சரியாகக் காட்டினாள், கூச்சத்தில் சிரித்தாள். வெளிறலின் மேல் தொட்டால் மட்டும் சும்மா இருந்தாள். நான்கு முறை.

"ஆட்டம் முடிஞ்சுதுங்களா மிஸ்?"

முடிந்தது என்றேன். அவள் போனதும் குழாயடிக்குப் போய் சோப்பு போட்டுக் கை கழுவினேன். இரண்டாம் முறையும் கழுவினேன். பிறகு நேற்றைய ரத்தக்கோடு ஞாபகம் வந்தது. வெட்கம்.

செந்திலிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊட்டுக்கு வந்ததும் பாப்பாவத் தொட்டயா?"

தொட்டேன். தூக்கினேன். முத்தம் கொடுத்தேன்.

"நமக்கெதுக்குக் கோகி? நீ என்ன டாக்டரா? அவங்கம்மா அப்பா பாத்துக்குவாங்க."

அவர்கள் பார்க்கவில்லையே. பார்த்திருந்தால் நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

பி.யின் அம்மா ரேவதியை வரச் சொல்லியிருந்தேன். டீ டைமில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் பஞ்சுத் தூசி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று நினைத்து வந்திருக்கிறாள்.

"அடிச்சுப் போட்டுட்டாளுங்களா மிஸ் யாரயாச்சும்?"

இல்லை என்றேன். கையைப் பற்றிச் சொன்னேன்.

"அது தேமலுங்க. வெயில்ல ஆடுறா. குப்பமேனி அரச்சுப் போட்டுட்டு இருக்கறனுங்க. போன வருசத்துலிருந்தே இருக்குது."

போன வருடத்திலிருந்து.

"தொட்டாத் தெரியலைங்க அவளுக்கு" என்றேன்.

"அவ அப்படித்தானுங்க. எதுலயும் புத்தி நிக்காது."

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு தோல் டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றாள். ஷிப்மென்ட் இருக்கிறதாம், ஞாயிறும் வேலை இருந்தாலும் இருக்கும். வாசல் வரை போனவள் திரும்பி, "நல்லாப் படிக்கறாளுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அது உண்மை.

கண்காட்சிக்கு வேண்டியவை: சார்ட் 12, பசை பெரிய டப்பா, பொத்தான் ஊசி, கயிறு. பாலுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

பெரிய தவறு. பெரிய மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். ஏதாவது வழி காட்டுவார் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்தச் சொன்னார். நான் சொல்லி முடித்த பிறகு மேஜைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க மிஸ்." (செந்திலைச் சொல்லவில்லை.)

"சொல்லாதீங்க. ஒரு பேரண்ட்டுக்குத் தெரிஞ்சாப் போதும். கூண்டோட டி.சி. வாங்கிட்டுப் போயிருவாங்க. எனக்கும் அந்தக் குழந்தை மேல பாவமாத்தான் இருக்குது. ஆனா நூத்தம்பது குழந்தைக இருக்குதுல்ல. கண்காட்சி முடியற வரைக்கும் வர வேண்டாம்னு பக்குவமாச் சொல்லிருங்க. காரணம் சொல்ல வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சரி என்றேன்? வேலை. பக்கத்தில் வேறு பள்ளி இல்லை. பாப்பாவை அடுத்த வருடம் இங்கேதான் சேர்க்க நினைத்திருந்தோம்.

மாலை ரேவதிக்குப் போன் செய்தேன். நாளை அனுப்ப வேண்டாம், பி.க்குச் சளி இருக்கிற மாதிரி இருக்கிறது என்றேன்.

"சளி ஒண்ணுமில்லீங்களே மிஸ்."

"இல்ல, எதுக்கும் ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டும்."

பின்னால் தையல் மிஷின் சத்தம். "சரிங்க மிஸ்" என்றாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள்.

ஜூலை 12, சனி

அரை நாள். பி. வரவில்லை. அவள் பக்கத்துப் பையன் அவள் சார்ட்டையும் சேர்த்து ஒட்டிவைத்தான். பெரிய மிஸ் வகுப்புக்கு வந்து சார்ட்டுகளைப் பார்த்தார். பி.யுடையதை எடுத்து அலமாரிக்கு மேல் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். நாற்காலி போட்டு ஏறி, நானே.

பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வகுப்புப் படங்கள் அனுப்பச் சொன்னார். திங்கட்கிழமை எடுத்த படத்தில் பி.யின் கை தெளிவாகத் தெரிந்தது. வெட்டிவிட்டு அனுப்பினேன்.

நான் பார்த்தது சரி என்றால் ஒவ்வொரு நாளும் தாமதம். நான் பார்த்தது தவறு என்றால் ஒரு குழந்தையைக் காரணமில்லாமல் வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன். இரண்டில் எதுவானாலும் நான் செய்தது சரியில்லை.

நாளை போய்ச் சொல்லிவிடுவது.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். செந்திலிடம் பூ வாங்கப் போவதாகச் சொன்னேன்.

மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே. ஒரே மாதிரி பத்து லைன் வீடுகள். ஷிப்மென்ட் மதியத்தோடு முடிந்ததால் ரேவதியும் அவள் கணவர் மோகனும் இருந்தார்கள். டாக்டரிடம் காட்டவில்லை. பி. என்னைப் பார்த்ததும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சளி இல்லை என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். வெளியே விளையாட அனுப்பச் சொன்னேன்.

மோகன் தானே அடுப்பிலிருந்து டீயை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். தொட முடியவில்லை. முந்தானையால் பிடித்தும் சுட்டது. கீழே வைத்துவிட்டேன். அவர் தன் டம்ளரை உள்ளங்கையில் முழுதாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். விரல்களில் பழைய தழும்புகள், இரண்டு புதிய கொப்புளம்.

"அயர்ன்பாக்ஸ் பட்டதுங்களா?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சுங்க. சுடறதே தெரியறதில்ல."

அதன் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. இருந்தாலும் சொன்னேன். பி.யின் கையில் இருப்பது தேமல் இல்லாமல் இருக்கலாம். தொழுநோயாக இருக்கலாம். இப்போது அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் பார்த்தால் முழுக்கச் சரியாகிவிடும், அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். படித்ததையெல்லாம் ஒரே மூச்சில்.

ரேவதி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன வார்த்தைங்க மிஸ் சொல்றீங்க? பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது கெட்டது பாக்க வேண்டாமுங்களா?"

மோகன் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க சனத்துல ஒருத்தருக்கும் அந்தச் சீக்கு இல்லீங்க. உங்க ஸ்கூல்ல வெச்சுக்க முடியலைன்னாச் சொல்லிருங்க. இந்த மாதிரிப் பேர் கட்டி அனுப்ப வேண்டாம்."

"அதுக்காக வரலைங்க நான்."

"அப்பறம் எதுக்குங்க சளின்னு சொன்னீங்க?"

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். டீ அப்படியே இருந்தது. குடித்திருக்க வேண்டும். சூடு என்றுதான் குடிக்கவில்லை. அவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர் கையைப் பற்றி ஒன்றும் கேட்காமலே வந்துவிட்டேன். பூவும் வாங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

காற்றில் மைதானத்து மண் முழுக்க வகுப்புக்குள். பி. வரவில்லை. ரேவதி போன் ஸ்விட்ச் ஆஃப். காலை, மதியம், மாலை.

பெரிய மிஸ், "சொல்லிட்டீங்களா?" என்றார். ஆம் என்று தலையாட்டினேன். எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

பாப்பாவைக் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கப் பார்த்தேன். முதுகில் ஒரு கொசுக்கடி. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளி விட்டதும் லைன் வீட்டுக்குப் போனேன். பூட்டு. அடுத்த வீட்டில் பீகார் பையன்கள், நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "பாபி காவ் கயா" (அண்ணி ஊருக்குப் போயாச்சு) என்று ஒருவன் கையால் தூரத்தைக் காட்டினான். எதிர்வீட்டு அம்மாதான் விவரமாகச் சொன்னார்: தாராபுரம் பக்கம் ரேவதியின் அம்மா வீட்டுக்கு. பெட்டியோடு. எப்போது வருவார்கள் என்று தெரியாது.

"ஏனுங்க, ஸ்கூல்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

இல்லை என்றேன்.

என் வாயால் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அங்கே யாரிடமும் காட்டாமல் மறைத்து வைத்துவிட்டால்? மோகன் அந்த மரத்த கையை வைத்துக்கொண்டு வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டால்? சும்மா இருந்திருந்தால் குறைந்தபட்சம் கண்ணெதிரில் இருந்திருப்பாள்.

பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசியது: "போனஸ்ஸு சொல்லீட்டாங்களாமா?" "ஆடியே பொறக்கல, அதுக்குள்ள போனஸ்ஸா." சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

காலை ஏழே முக்காலுக்குப் போன். ரேவதி.

"மிஸ், கூட வர்றேன்னு சொன்னீங்களே. வருவீங்களா?"

காய்ச்சல் என்று பள்ளிக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மோகன் என்னைப் பார்க்கவில்லை. பி. ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நான் விடவில்லை. ஆனால் பிடித்திருக்கிறாள் என்ற நினைப்பு முழு நேரமும் இருந்தது.

டோக்கன் வரக் காத்திருந்தபோது ரேவதி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எங்கம்மா ஊட்டுக்குப் போயும் தூக்கமில்லைங்க. அவ தூங்கறப்ப பஞ்செடுத்து வெச்சுப் பாத்தனுங்க. கால்ல வெச்சா இழுத்துக்கறா. அந்த எடத்துல வெச்சா அசையவே இல்ல. ஊசி முனையும் வெச்சுப் பாத்தனுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாள் பூரா பீஸு பீஸா ஓட்ட பாக்கறனுங்க. ஒரு நூல் விட்டிருந்தாக் கூடக் கண்டுபிடிச்சுருவேன். எம்புள்ள கையப் பாக்கலைங்களே."

பிறகு கணவர் பக்கம் பார்த்துவிட்டு, "அவருக்கும் பாத்தனுங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமையே பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பஞ்சு, பேனா முனை. முழங்கைக்குப் பின்னால் விரலால் அழுத்தி நரம்பைப் பார்த்தார். அந்தச் சொல்லை ஜலதோஷம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். பி.க்கு ஒரே ஒரு இடம்தான், ஆறு மாதம் மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் போய்விடும். பிறகு மோகனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் நான்கைந்து இடங்கள். கையில் இரண்டு விரல் உணர்ச்சி குறைவு. ஒரு வருடம் மருந்து.

"எத்தனை நாளா இருக்குது?"

"தெரியலைங்க. முதுக யாருங்க பாக்கறது?"

டாக்டர் கையுறை போடாமல் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் என் இரண்டு கைகளையும் பைக்குள் வைத்திருந்தேன். அதைக் கவனித்ததும் வெளியே எடுத்தேன்.

மோகன் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னாலதான் புள்ளைக்கு வந்துச்சுங்களா?"

"வீட்ல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வரும். வேணும்னு யாரும் குடுக்கறதில்ல. இன்னைக்கு மருந்து ஆரம்பிச்சுட்டா இனி யாருக்கும் போகாது. அதப் பாருங்க" என்றார் டாக்டர்.

மோகன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பி. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து மாத்திரை அட்டையில் சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ண ஆரம்பித்தாள்.

முதல் வேளையை அங்கேயே விழுங்கவைத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். ரேவதிக்கும் ஒரு தடவைக்கான மாத்திரை. பள்ளிக்கு வரலாம் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். தேங்காய் சுட்டு சாமி கும்பிட்டோம்.

டாக்டர் கடிதத்தைப் பெரிய மிஸ்ஸிடம் கொடுத்தேன். காய்ச்சல் பொய் உடைந்தது. இரண்டு முறை படித்தார். வகுப்புக் குழந்தைகள் எல்லோரையும் பார்க்கச் சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வருவார்கள் என்றும், பொதுவான தோல் பரிசோதனை என்றுதான் சொல்வார்கள், யார் பெயரும் வராது என்றும் சொன்னேன்.

"நீங்க பாட்டுக்கு முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்க."

"ஆமாங்க மிஸ். தப்புத்தான்."

"கடைசி பெஞ்ச்ல தனியா உக்கார வைங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

"மூணாவது வரிசையிலயே உக்காரட்டுங்க மிஸ். எடம் மாத்துனா ஏன்னு கேப்பாங்க."

கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். "ஏதாச்சும் வந்துச்சுன்னா உங்க பேரத்தான் சொல்லுவேன்" என்றார்.

சரிங்க என்றேன். இந்தச் சரிங்க வேறு.

ஜூலை 21, திங்கள்

மூன்று நாளாக எழுதவில்லை. பி. வெள்ளிக்கிழமையிலிருந்து வருகிறாள். அலமாரி மேலிருந்து அவள் சார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் பல்லி எச்சம். துடைத்துவிட்டு மேலே ஃபிளீஸ் ஒட்டினாள்.

ரேவதியிடம் டம்ளர் விஷயத்தைப் போனில் சொன்னேன். அன்றே கேட்டிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்று. "நானே கூடப் படுக்கறவ, எனக்கே தெரியலைங்க" என்றாள். மன்னித்தாளா, தன்னையே நொந்துகொண்டாளா, தெரியவில்லை.

மோகனைக் கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்களாம். சூட்டில் வேலை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, கையில் நரம்பு வீக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தெரிந்துவிடுமோ என்று தினமும் வெசனம்.

ஜூலை 23, புதன்

பரிசோதனை. இரண்டு நர்ஸ்கள். எல்லாக் குழந்தைகளையும் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். கூச்சல், சிரிப்பு. நான் ஒவ்வொரு முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முதுகில் நர்ஸின் கை சற்று நின்றால் நானும் கிட்டப் போய்ப் பார்ப்பேன். இரண்டு பேருக்கு வெறும் தேமல். ஒருவனுக்குப் படை. வேறு யாருக்கும் இல்லை.

என்னையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இத்தனை நாள் எனக்கும் வந்திருக்குமோ என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கழிவறையில் போய் அழுதேன்.

ஜூலை 26, சனி

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. என் மேஜைக்கு நல்ல கூட்டம். பெற்றோர் கண்ணை மூடித் துணியைத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு அது தினசரி வேலை, ஜி.எஸ்.எம். (துணியின் எடைக் கணக்கு) வரைக்கும் சொன்னார்கள். பி.யின் சார்ட்டில் இருந்த லைன் வீட்டுக் கதவுகளைப் பெரிய மிஸ்ஸே ஒரு அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மோகன் வரவில்லை. ரேவதி வந்தாள். போகும்போது, "நாளைக்கு எங்க பாப்பாவுக்குப் பொறந்தநாளுங்க. ஒறம்பர யாரையும் கூப்புடல. நீங்க வரோணும். உங்க பாப்பாவையும் கூட்டிட்டு" என்றாள்.

வருகிறேன் என்றேன். உடனே சொன்னேனா, ஒரு நொடி கழித்தா? அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் செந்தில், "நீ போய்ட்டு வா. பாப்பா இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"மருந்து ஆரம்பிச்சாச்சு. பரவாதுன்னு டாக்டர் சொன்னதச் சொன்னேன்ல."

"சொன்னே. இல்லைங்கல. ஆனாலும்."

அந்த ஆனாலும் எனக்குள்ளும் இருக்கிறது. அதனால் சண்டை போட முடியவில்லை. அவர் வண்டிச் சாவியைத் தரவில்லை, ஒளிக்கவும் இல்லை. பாப்பாவுக்கு மஞ்சள் கவுன் போட்டு பஸ்ஸில் கிளம்பினேன். வழியில் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று தோன்றியது. பரிசு: கலர் பென்சில் டப்பா.

வீட்டில் அவர்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர். பேக்கரி கேக். மோகன் டீ போடவில்லை, பாட்டில் கூல்ட்ரிங்க்ஸ் வாங்கி வைத்திருந்தார். டீயே கொடுங்கள் என்றேன். ஆறட்டும் என்று தட்டு போட்டு மூடி வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

பி. கேக்கை வெட்டி முதல் துண்டை அம்மாவுக்கு, அடுத்ததை அப்பாவுக்கு ஊட்டினாள். பிறகு ஒரு துண்டை இடது கையில் எடுத்துக்கொண்டு பாப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள். விரலில் க்ரீம். பாப்பா வாயைத் திறந்தாள். ரேவதி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை மடியிலேயே இருந்தது. அங்கேயே வைத்திருந்தேன்.

பாப்பா மென்று விழுங்கிவிட்டு, பி.யின் விரலைப் பிடித்து மிச்ச க்ரீமையும் நக்கினாள்.